சல்கேட்டா ஆமைக்கு வெளி அடைப்பு: கம்பி வலை ஏன் போதாது?

அடைப்பு என்பது, சல்கேட்டா என்னும் பெரிய ஆப்பிரிக்க நில ஆமை வெயில் காய்ந்து மேய்வதற்கான வேலியிட்ட இடம். அது தப்பவும் கூடாது, வேறு விலங்கு நுழையவும் கூடாது. கம்பி வலை கட்டினால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது.

வலைக்கு அப்பால் புல் தெரிந்தால், வழி இருக்கிறது என்றே எண்ணி ஆமை நாள் முழுக்க முட்டும். மூடிய ஜன்னல் கண்ணாடியில் குருவி மோதுமே, அதேபோலத்தான். மூக்கு தேய்ந்து புண்ணாகும், கால் சிக்கிக்கொள்ளும். அப்பால் தெரியாத செங்கல் சுவர் எழுப்புங்கள்.

அடுத்தது மண். சஹாராவின் தென்விளிம்பைச் சேர்ந்த இந்த இனம், வெயிலுக்கு ஒளியப் பல அடி ஆழத்துக்கு வளை தோண்டும். வளர்ந்த ஆண் 40 கிலோவைத் தாண்டும். சுவரை 2 அடியாவது மண்ணுக்குள் இறக்குங்கள். மூலைகளை வளைவாகக் கட்டுங்கள். மூலையில்தான் இரு சுவரிலும் காலூன்றி ஏறப் பார்த்து மல்லாக்க விழும். சுடும் வெயிலில் அப்படியே கிடந்தால் உயிர் போய்விடும். நிழலும் தண்ணீரும் கட்டாயம்.



“ஓடுதான் இருக்கிறதே, நாய் என்ன செய்யும்?” என்பார்கள். ஓடு உயிருள்ள எலும்பு; நரம்பும் ரத்தமும் அதில் உண்டு. நாய் கடித்தால் வலிக்கும், உடையவும் செய்யும்.