டேப்லெட்டில் மின்னூல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 8.7 அங்குல டேப்லெட் வாங்கினோம். அப்பாவுக்கு வயது 68. பிடிஎஃப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. இரண்டு விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 11 அங்குலத்துக்கு மாற்றிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. நீங்கள் சொல்லும் அளவு டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 11.3 செ.மீ. பக்கம் முழுவதும் திரையில் அடங்க வேண்டுமென்றால் அது 54 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து ஆறரைப் புள்ளியாகிவிடும். செய்தித்தாளின் வரி விளம்பரத்தை ஒரு நாவல் முழுக்கப் படிப்பது போன்ற வேலை அது. 11 அங்குலத் திரையின் அகலமும் 14.8 செ.மீ.தான்; அதிலும் எட்டரைப் புள்ளிக்குமேல் கிடைக்காது.

கையிலுள்ள டேப்லெட்டிலேயே செய்யக்கூடியது இது. ரீட்எரா, லிப்ரெரா, கேஓரீடர் போன்ற செயலிகளில் பிடிஎஃப் பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. ஏ4 பக்கத்தில் இருபுறமும் இரண்டரை செ.மீ. ஓரம் விட்டிருந்தால், வெட்டியபின் மிஞ்சுவது 16 செ.மீ. இப்போது டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். நீள்பக்கம் 19 செ.மீ. இருப்பதால் அதே 12 புள்ளி எழுத்து 14 புள்ளியாகத் தெரியும். ஒரு பக்கம் இரண்டு மூன்று திரையாக உடையும், அவ்வளவுதான். திரை தானாகத் திரும்பாமல் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் அப்பா சாய்ந்து படுக்கும் ஒவ்வொரு முறையும் பக்கமும் சேர்ந்து புரளும்.

டெமி அளவில் அச்சான புத்தகத்தின் ஸ்கேன் என்றால் திருப்பவே தேவையில்லை. அதன் அகலம் சுமார் 14 செ.மீ. ஓரம் போக எழுத்துப் பகுதி பத்தரை செ.மீ. இருக்கும். ஓரத்தை வெட்டினால் நிமிர்ந்த திரையிலேயே அச்சுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும்.

இவ்வளவு மல்லுக்கட்டும் பிடிஎஃப் என்பதால் வருகிறது. அதே புத்தகம் இபப் வடிவில் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இபப் கோப்பில் பக்கம் என்று ஒன்று நிலையாக இல்லை; எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பிரித்துத் தருகிறார்கள். பழக்கதோஷத்தில் எல்லோரும் ஏ4-ஐத் தட்டுகிறார்கள். தமிழ் விக்கிமூலத்திலும் மெய்ப்புப் பார்த்த நூல்களை இபப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: இபப் புத்தகம்தான் படிக்கிறேன். செயலியில் பத்துப் பன்னிரண்டு எழுத்துருக்கள் இருக்கின்றன. எதை மாற்றினாலும் தமிழ் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. வரிகளிலும் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக இடைவெளி.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தப் பன்னிரண்டில் ஒன்றில்கூடத் தமிழ் எழுத்துகள் இல்லாமல் இருக்கும். செயலி தேடிப் பார்த்துவிட்டு, ஆண்ட்ராய்டோடு வரும் தமிழ் எழுத்துருவையே ஒவ்வொரு முறையும் எடுத்துப் போடுகிறது. அதனால் ஆங்கிலமும் எண்களும் மாறும், தமிழ் அசையாது. வெளியிலிருந்து எழுத்துரு சேர்க்க அனுமதிக்கும் செயலி வேண்டும். கேஓரீடரில் இது எளிது. டேப்லெட்டின் உள்சேமிப்பில் அந்தச் செயலியின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஃபான்ட்ஸ் கோப்புறையில் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைப் போட்டுவிட்டுச் செயலியை மூடித் திறந்தால் பட்டியலில் வந்துவிடும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை எல்லாம் இலவசம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது திரையைப் பொறுத்தது. விலை குறைந்த டேப்லெட்டுகளில் அங்குலத்துக்கு 180 பிக்சல் அளவில்தான் இருக்கும். அதில் தடித்தும் மெலிந்தும் மாறும் செரிஃப் எழுத்தின் மெல்லிய கோடுகள் நைந்து மங்கும்; ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடும் சான்ஸ் வகையே தெளிவு. ஐபேட் மினி போல 326 பிக்சல் உள்ள திரையில் செரிஃபின் தடிப்பும் மென்மையும் புத்தகம்போலவே அழகாக இருக்கும்.

இடைவெளிக்குக் காரணம், இருபுறமும் சமமாக வரியை இழுத்துக்கட்டும் அமைப்பு. ஆங்கிலத்தில் ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு சொல் இருப்பதால் இழுப்பு பரவிவிடும். தமிழில் ‘எடுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம்’ என்ற ஒரே சொல் முக்கால் வரியைத் தின்றுவிடும்; அடுத்த சொல் நுழைய இடமில்லாமல் கீழே போக, மேலே மிஞ்சிய இரண்டு மூன்று சொற்கள் ஆளுக்கொரு பக்கம் இழுபடும். அலைன்மென்ட் என்ற இடத்தில் ‘லெஃப்ட்’ என்று மாற்றுங்கள். மாறவில்லையென்றால் பதிப்பாளர் கோப்புக்குள்ளேயே கட்டளை எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தின் சொந்த ஸ்டைலைப் பயன்படுத்தாதே என்ற தேர்வை இயக்கிவிட்டு மீண்டும் பாருங்கள்.

கையோடு வரி இடைவெளியையும் 1.4 அல்லது 1.5 ஆக்குங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2-இல் மேல்வரியின் ‘நூ’, ‘கூ’ வால்கள் கீழ்வரியின் ‘தீ’ சுழிகளோடு முட்டும். எழுத்தளவுக்கு எண் கேட்காதீர்கள், செயலிக்குச் செயலி மாறும். உரைநடைக்கு வரிக்கு ஆறேழு சொல் வந்தால் போதும். செய்யுள் படிப்பவர்கள் நாற்சீர் அடி ஒன்று மடங்காமல் ஒரே வரியில் நிற்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடி மடங்கினால் ஓசையும் போய்விடும்.

கேள்வி: கால்குலேட்டர்போல் பிடிஎஃப்பைப் போட்டால் இபப் வந்துவிடும் என்று காலிபர் மென்பொருளில் மாற்றினேன். ‘செ’, ‘கொ’ எல்லாம் கொம்பு தனியாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு வருகிறது. இன்னொரு நூலில் வெறும் ஆங்கில எழுத்துகள்!
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் ‘ச’, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்பட வேண்டும். பிடிஎஃப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முன்னால் வைத்துவிடுகிறது. காலிபர் அதை அப்படியே உருவி எடுக்கும்போது பற்றிக்கொள்ள எழுத்தில்லாத கொம்பு, புள்ளி வட்டத்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. எழுத்துருவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது நூல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லே உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். உரையை நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவி ஒன்றில் ஒட்டினால் தமிழாகிவிடும். வேர்டில் ஒட்டி, தலைப்புகளைக் குறித்து, அந்தக் கோப்பைக் காலிபரில் கொடுத்தால் ஒழுங்கான இபப் வரும். 300 பக்க நூலுக்கு ஒரு மாலைப்பொழுது போகும். அவ்வளவு வேண்டிய நூலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘நூலகம்’ என்ற மின்னூலகத் தளத்தில் தரவிறக்கிய பழைய சஞ்சிகைகள் என் 3 ஜிபி ரேம் டேப்லெட்டில் பக்கத்துக்குப் பக்கம் திணறுகின்றன. தாள் மஞ்சளாக இருப்பதால் எழுத்தும் மங்கல்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அவை பக்கங்களின் ஒளிப்படங்கள். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் ஒரு பெரிய படத்தை விரித்து, திரைக்குச் சுருக்கி வரைய வேண்டும். தொடர்ந்து கீழே உருட்டும் முறையில் வைத்திருந்தால் முன்னும் பின்னுமாக நாலைந்து படங்கள் நினைவகத்தில் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் என்று மாற்றினாலே பாதித் திணறல் தீரும்.

மீதிக்குக் கணினி வேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளின் ‘இபுக்’ அமைப்பு, வண்ணப் படங்களையும் சாம்பல்நிறப் படங்களையும் 150 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 150 பிக்சலுக்கு, இறக்கும். டெமி பக்கத்தின் அகலம் ஐந்தரை அங்குலம். 150-ஆல் பெருக்கினால் 825 பிக்சல். 800 பிக்சல் அகலத் திரைக்கு இது சரியாகப் பொருந்தும். ஆனால் ஓரம் வெட்டிப் பெரிதாக்கிப் படிப்பவர் என்றால் 200 வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்; குறைத்ததைத் திரும்ப ஏற்ற முடியாது. மஞ்சளுக்குக் கேஓரீடரின் கான்ட்ராஸ்ட் அமைப்பை ஓரிரு படி ஏற்றுங்கள், பின்னணி வெளுத்து எழுத்து கறுக்கும். ரொம்பவும் ஏற்றினால் மை மங்கிய இடங்களில் புள்ளிகள் காணாமல் போய் ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும்.

கேள்வி: இரவில் ஒரு மணி நேரம் படித்தாலே கண் எரிகிறது. நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள். டார்க் மோடும் போட்டுப் பார்த்துவிட்டேன்.
– வாசகி, கோவை

பதில்: கண்ணாடிக் காசை மிச்சப்படுத்துங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, திரையால் வரும் கண் களைப்பை நீல ஒளிக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை. எரிச்சலுக்கு முதல் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்வது. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குப்போல் ஒளிர்ந்தால் பிரைட்னஸ் அதிகம். சாம்பல்போல் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். தானாக மாறும் பிரைட்னஸை வீட்டுக்குள் அணைத்துவிடலாம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் படிப்பதுதான் பலர் செய்யும் தவறு. இருட்டில் குறைந்தபட்ச பிரைட்னஸும் கூசினால், ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய டேப்லெட்டுகளில் ஆக்ஸசிபிலிட்டியில் ‘எக்ஸ்ட்ரா டிம்’ பாருங்கள். ஐபேடில் அதே ஆக்ஸசிபிலிட்டிக்குள் ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ போய் ‘ரெட்யூஸ் ஒயிட் பாயின்ட்’.

டார்க் மோட் எல்லோருக்கும் ஒத்துவராது. கறுப்பில் வெள்ளை எழுத்தைப் பார்க்கும்போது கண்மணி விரியும். உருளைப் பார்வைக் குறை (அஸ்டிக்மாடிசம்) இருந்தால் எழுத்தைச் சுற்றிப் புகைபோல் ஒளி கசியும். தமிழில் சுழிகள் நெருக்கம் என்பதால் ‘ணு’, ‘னு’ வேறுபாடே குழம்பும். வெளிர் மஞ்சள் பின்னணியில் அடர் பழுப்பு எழுத்து, அதாவது செபியா, போதும். இதையெல்லாம் செய்தும் எரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டேப்லெட்டை ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துப் படிக்கிறேன். கழுத்துதான் வலிக்கிறது. பைஃபோகல் கண்ணாடி போடுகிறேன்.
– வாசகர், சேலம்

பதில்: பதில் உங்கள் கண்ணாடியிலேயே இருக்கிறது. கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழே. நேரெதிரே நிற்கும் திரையை அதன் வழியாகப் பார்க்க நீங்கள் மோவாயைத் தூக்குகிறீர்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் சாய்வாக வையுங்கள். படிக்கும் கண்ணாடி பொதுவாகச் சுமார் 40 செ.மீ. தூரத்துக்கு எழுதிக் கொடுக்கப்படுவது. திரையையும் அங்கேயே கொண்டுவாருங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் தலையணைமேல் வேண்டாம், சூடு வெளியேறாது.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை. அறுவை சிகிச்சை வரை டேப்லெட்டே வாசித்துக் காட்டும்படி செய்ய முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும். செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடுங்கள்; சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்டின் கீழும் வேறு பல டேப்லெட்டுகளில் ஆக்ஸசிபிலிட்டியின் கீழும் இருக்கும். கூகுளின் பேச்சுச் சேவையைத் தேர்ந்து, அதற்குள் குரல் தரவுகளில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியபின் இணையம் இல்லாமலும் பேசும். வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வழக்கமான வேகத்தில் வயதானவர்களுக்குச் சொற்கள் ஓடுவதுபோல் இருக்கும். பிறகு ரீட்எராவில் புத்தகத்தைத் திறந்து வாசிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும்.

இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்கேன் பிடிஎஃப்பை அது வாசிக்காது, உள்ளே எழுத்தே கிடையாது என்பதால். இன்னொன்று, திரை அணைந்த சில நிமிடத்தில் குரல் நின்றுபோவது. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு செயலியை உறங்க வைக்கிறது. செயலியின் பேட்டரி அமைப்பில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வைத்தால் அத்தியாயம் முடியும்வரை நிற்காமல் வாசிக்கும்.

கேள்வி: கிண்டிலில் வாங்கிய தமிழ்ப் புத்தகத்தை வேறு செயலியில், என் எழுத்துருவில் திறக்க வழி உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: பூட்டுப் போட்டு விற்ற நூல் கிண்டில் கருவியிலும் கிண்டில் செயலியிலும் மட்டுமே திறக்கும். வாங்குமுன் மாதிரிப் பக்கங்களை இறக்கி, எழுத்தும் வரி இடைவெளியும் உங்கள் டேப்லெட்டில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.