ஐலண்டுக்கு நடுவே ஒரு எஸ்

அன்புள்ள ஐயா,

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் டிக்டேஷனில் ‘நைஃப்’ என்ற சொல்லை என்-ஐ-எஃப்-இ என்று எழுதி மார்க் போய்விட்டது. “சொல்லாத எழுத்தை எதுக்குப்பா எழுதணும்?” என்று அழுதுகொண்டே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 1978-இல் நாம் தமிழ் எழுத்தைச் சீர்திருத்தியதுபோல ஆங்கிலத்தையும் ஒரேயடியாகத் திருத்திவிட்டால் என்ன?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ‘நைஃப்’ என்பதன் தொடக்கத்தில் அவள் விட்டுவிட்ட அந்தக் கே சும்மா வந்து உட்கார்ந்ததல்ல, ஒரு காலத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சொன்ன எழுத்து. அறுநூறு வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்தில் கத்தி ‘க்னீஃப்’தான். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தார்; அதன்பின் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறைய ஆரம்பித்தது, ஆனால் அதே நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் ஒவ்வொன்றாக இடம் மாறின, என்னுக்கு முன்னால் இருந்த கே-யும் பேச்சிலிருந்து உதிர்ந்தது. பேச்சு நடந்து போய்விட்டது, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அச்சுக்கு முந்திய கதையும் உண்டு. ‘லவ்’, ‘சன்’ (மகன்), ‘கம்’ எல்லாவற்றிலும் ஏன் யூ இல்லாமல் ஓ இருக்கிறது? அன்றைய கையெழுத்தில் யூ, என், எம், வி எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் குச்சிகள்தான். யூவும் என்னும் சேர்ந்து வந்தால் நாலு குச்சி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதனால் யூவை எடுத்துவிட்டு வட்டமாக ஓ போட்டார்கள், படிக்கிறவருக்குச் செய்த உதவி அது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு வகை மேல். ஏழாம் வகுப்பில் நான் ‘ஐலண்ட்’ (தீவு) என்பதை எஸ் இல்லாமல் எழுதினேன், ஐம்பது தடவை இம்போசிஷன் கிடைத்தது. பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் கிடையவே கிடையாது. லத்தீனிலிருந்து வந்த வேறொரு சொல்லோடு உறவு என்று தப்பாக நினைத்து 16-ஆம் நூற்றாண்டில் செருகிவிட்டார்கள். ‘டெட்’ (கடன்) என்பதில் வரும் பி-யும் இப்படித்தான், பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லுக்கு லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக ஒட்டிய எழுத்து. இவற்றை நாளைக்கே எடுத்துவிடலாம் என்றால் முதல் கை என்னுடையது.

ஆனால் ஒரேயடியாக மாற்றுவது வேண்டாம் என்பேன். 1978-இல் நாம் மாற்றியது எழுத்தின் வடிவத்தை. ‘லை’யின் தும்பிக்கை போனது, ‘றா’வின் சுழி போனது, எந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலையும் தொடவில்லை. நீங்கள் கேட்பது ஒலிக்கேற்ப எழுதுவது. யாருடைய ஒலி? லண்டன்காரர் ‘கா’ என்று நிறுத்திவிடும் இடத்தில் ஸ்காட்லாந்துக்காரரும் அமெரிக்கரும் ‘கார்’ என்று ர் கேட்கச் சொல்வார்கள். நாமும் ‘வந்துட்டான்’ என்று சொல்லிவிட்டு ‘வந்துவிட்டான்’ என்றுதானே எழுதுகிறோம்? வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்கிற ஊரிலும் எழுத்தில் ழ அப்படியேதான் இருக்கிறது, அதனால்தான் எந்த ஊர்க்காரர் எழுதியதும் எல்லோருக்கும் புரிகிறது. அப்புறம், ‘சைன்’ என்பதில் பேசாத ஜி ‘சிக்னல்’, ‘சிக்னேச்சர்’ என்று வரும்போது பேசுகிறது. அதை வெட்டினால் இவை ஒரே குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

முயன்று பார்க்காமலும் இல்லை. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1828 அகராதியில் ‘கலர்’ என்பதன் யூவை நீக்கினார், அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. நாக்குக்கு அவர் தந்த எளிய ஸ்பெல்லிங்கை யாரும் தொடவில்லை. 1906-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய ஸ்பெல்லிங்கில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் எதிர்த்ததும் அதே வருடம் பின்வாங்கினார். ஜனாதிபதி சொல்லியே நடக்கவில்லை.

மகளை இன்று ராத்திரி பக்கத்தில் உட்காரவைத்து ‘க்னீஃப்’ என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். முழங்காலுக்கு ஆங்கிலத்தில் வரும் ‘நீ’யும் கே-என் என்றுதான் தொடங்குகிறது. ஜெர்மன்காரர்கள் அதே முழங்காலை இன்றைக்கும் ‘க்னீ’ என்று கே கேட்கத்தான் சொல்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.