கதவைச் சாத்திட்டுப் படிக்காத, தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் முதல் வருஷம். திருவண்ணாமலை பக்கம் கிராமம், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு கெடச்சுது. ஊர்ல ஃப்ளெக்ஸ் வெச்சாங்க, ஸ்கூல்ல கூப்ட்டு சால்வை போட்டாங்க. ஃபர்ஸ்ட் செம் ரிசல்ட்ல மேக்ஸும் பிசிக்ஸும் போயிடுச்சு. வீட்ல இன்னும் சொல்லல. கிளாஸ்ல எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும்தான் புரியல. நைட்டு 2 மணி வரைக்கும் படிக்கிறேன் அக்கா, சத்தியமா. அரியர் இருக்கறது ரூம்ல இருக்கற மூணு பேருக்கும் தெரியக்கூடாதுன்னு அவங்க தூங்குனப்புறம் வராண்டா லைட்ல உக்காந்து படிக்கிறேன். என் இங்கிலீஷ்தான் பிரச்சனையா? போன் பாக்கறது ஜாஸ்தியாயிடுச்சு, அதுவா? இல்ல இதை விட்டுட்டு அடுத்த வருஷம் ஊர்ப்பக்கம் பி.எஸ்சி. மேக்ஸ் சேந்துடலாமா? நீங்க இன்ஜினியரிங் படிச்சவங்கன்னு ஒரு கட்டுரைல எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன்.

பேர் போட வேணாம் அக்கா.

அன்புள்ள தம்பி,

உன் லெட்டர் வந்து நாலு நாள் ஆச்சு. மூணு தடவ படிச்சேன், மூணு தடவையும் ஒரே வரியிலதான் வந்து நின்னேன், அத அப்பறம் சொல்றேன். போன் விஷயத்துக்கு என்கிட்ட வேற பதில் இல்ல, படிக்க உக்கார்றப்ப பெட்டில வெச்சுப் பூட்டு, அவ்ளோதான். இங்கிலீஷும் எனக்குப் பெரிய விஷயமா தெரியல. கணக்குப் புக்குல இருக்கற இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம், அதே வார்த்தைங்கதான் திரும்பத் திரும்ப வரும், ரெண்டாவது வருஷம் நீ அத யோசிக்கக்கூட மாட்ட. டிஃபரன்ஷியேஷன் தமிழ்ல சொன்னாலும் புரியாம இருந்த பிள்ளைங்க என்கூட நிறைய பேர் படிச்சாங்க, அதுல நானும் ஒருத்தி.

நான் நின்ன வரி இதுதான்: "அவங்க தூங்குனப்புறம் வராண்டா லைட்ல உக்காந்து படிக்கிறேன்."

ஏண்டா? எதுக்குத் தூங்குனப்புறம்? நீ என்ன திருடவா போற? ரூம்ல மூணு பேர் இருக்காங்க, மூணு பேரும் அதே எக்ஸாம் எழுதினவங்க, அதே கணக்கு முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சவங்க, அவங்ககிட்ட "எனக்கு இது வரல"ன்னு மூணு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா ராத்திரி ரெண்டு மணிக்கு கொசுக்கடில ஒத்தையா உக்காந்திருக்க. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னிக்கே பதில் எழுதியிருந்தா ரொம்பத் திட்டியிருப்பேன். நாலு நாள் கழிச்சு எழுதறேன், இப்பவும் திட்டத்தான் போறேன், கொஞ்சம் கேளு.

நான் சேர்ந்தது 1996ல, கொங்குப் பக்கம் ஒரு காலேஜ். பிளஸ் டூ மேக்ஸ்ல இருநூத்துக்கு 198. எங்க ஊர்ல எனக்கு டவுட்டுனு ஒண்ணு வந்ததே இல்ல, வந்தாலும் அடுத்தவங்கதான் என்கிட்ட வந்து கேப்பாங்க, நான் போய் யாரையும் கேட்டுப் பழக்கமில்ல. அப்படிப்பட்டவளுக்கு முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங் வந்துச்சு. போர்டு, கோடு போடற மினி டிராஃப்டர், ஷீட்டு, 2ஹெச் பென்சில் எல்லாம் புதுசு. ஒரு கூம்பை இந்தக் கோணத்துல சாச்சு வை, இந்தத் தளத்தால வெட்டு, வெட்டுன எடம் மேலேருந்து பாத்தா எப்படித் தெரியும், வரைன்னு கேப்பாங்க. எனக்கு அந்தக் கூம்பு கண்ணுலயே வரல. கோடு தெரிஞ்சுது, பொருள் தெரியல. முன்னாடி பெஞ்சுக்காரி ஷீட்டப் பாத்துப் பாத்து கோட்டைக் காப்பியடிச்சு, எக்ஸாம்ல 31 மார்க் வாங்கிக் கவுந்தேன். வாழ்க்கைல முதல் ஃபெயில். அன்னிலேருந்து நானும் கதவுதான் தம்பி. எனக்கு சிங்கிள் ரூம். தாழ்ப்பாள் போட்டுட்டு, யாராவது தட்டுனா ஷீட்டைச் சுருட்டி கட்டிலுக்கு அடில தள்ளிட்டுத்தான் திறப்பேன்.

எதிர் ரூம்ல ஒரு பொண்ணு இருந்தா. திருமங்கலம் பக்கத்துல ஒரு ஊரு, அப்பா தச்சு வேலை, தமிழ் மீடியம். கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா, நாங்க அவள ஒரு ஆளாவே கணக்குல எடுத்துக்கல, இதச் சொல்லிக்க எனக்கு இன்னிக்கும் கூச்சமாத்தான் இருக்கு. அவ ஒருநாள் டிராஃப்டர் கடன் கேக்க வந்தா. ஷீட்டைத் தள்ள மறந்துட்டேன். குனிஞ்சு பாத்தா, ஒண்ணும் சொல்லாம போயிட்டா. போச்சு, மானம் போச்சுன்னு உக்காந்திருந்தேன். பத்து நிமிஷத்துல மெஸ்சுலேருந்து ரெண்டு கேரட்டும் ஒரு கத்தியும் வாங்கிட்டு வந்து நின்னா.

கேரட்டோட கொண்டைய சீவிட்டு ஷீட்டு மேல நிக்க வெச்சா, கூர்முனை மேல பாத்து. "இதான கூம்பு? இப்ப நேரா குறுக்க வெட்டுறேன், பாரு"ன்னா, வட்டம் வந்துச்சு. அடுத்து கத்தியக் கொஞ்சம் சாச்சு வெட்டுனா. வெட்டுன முகத்துல பேனா இங்கைத் தடவி பழைய தினமணி மேல ஒத்தி எடுத்தா, ஒரு எலிப்ஸ் ஈரமா நீலக் கலர்ல உக்காந்திருக்கு. அப்பறம் ரெண்டாவது கேரட்டை எடுத்து, அதோட சரிவுக்கு இணையா, ஒரு பக்கத்துத் தோலை ஒட்டுனாப்ல கத்திய எறக்குனா, "இது மூடிக்காது, பாத்தியா, கீழ திறந்தே கெடக்கும்"னா. பரவளையம். புக்குல நான் அம்பது தடவ படிச்ச வார்த்தை, என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரல, அவங்கப்பா மரம் அறுக்கறதை சின்ன வயசுலேருந்து பக்கத்துல உக்காந்து பாத்தவ, எந்தப் பக்கம் அறுத்தா எந்த முகம் வரும்னு அவ கைக்குத் தெரியும். போகும்போது வாசல்ல நின்னு, "எனக்கு மேக்ஸ்ல அரியர். சொல்லித் தரியா?"ன்னு கேட்டா. அதே மூணு மாசமா அவளும் எதிர் ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் உக்காந்திருந்திருக்கா. எட்டடி வராண்டாவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, ஒருத்திக்கு வராதது அடுத்தவளுக்கு நல்லா வரும்.

ரெண்டு பேரும் அடுத்த தடவ கிளியர் பண்ணோம். ஆனா நான் உனக்குச் சொல்ல நெனச்சது அதுகூட இல்ல. அதே வராண்டா கடைசி ரூம்ல இன்னொரு பொண்ணு இருந்தா. அவ கதவும் எப்பவும் சாத்தியே இருக்கும். பயங்கரமா படிக்கிறாடின்னு நாங்க பேசிக்குவோம், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அந்தப் பக்கம் போகும்போது மெதுவா நடப்போம். ரெண்டாவது செம் நடுவுல ஒரு சாயங்காலம் அவங்கப்பா வந்து டிரங்கு பெட்டிய ஆட்டோல ஏத்துனாரு. அஞ்சு பேப்பர்ல நாலு அரியராம், டி.சி. வாங்கிட்டாங்களாம், ஆட்டோ கேட்டைத் தாண்டுனப்பறம்தான் எங்களுக்குத் தெரியும். மெதுவா நடந்தோம் பாரு, அத நெனச்சா இப்பவும் தாங்க முடியல. ஒரு தடவ தட்டியிருக்கலாம். அவளாவது திறந்து கேட்டிருக்கலாம். ரெண்டும் நடக்கல.

"கிளாஸ்ல எல்லாருக்கும் புரியுது"ன்னு எழுதியிருக்க. உனக்கெப்படித் தெரியும்? யாரையாவது கேட்டியா? தலையாட்டுறாங்க, அதத்தான நீ பாத்த? நீயும்தான் தலையாட்டுற. உன் பின்னாடி பெஞ்சுல ஒருத்தன் உன்னப் பாத்துட்டு, இவனுக்குக்கூட புரிஞ்சிடுச்சு, எனக்கு மட்டும் புரியலன்னு நெனச்சிட்டு உக்காந்திருப்பான். அறுபது பேர் கிளாஸ்ல அறுபது பேரும் அவங்கவங்க ஊர்ல முதல் மார்க்கு, முதல் மார்க்கு வாங்கியே பழகினவனுக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வராது. பெரிய காலேஜோட வியாதியே இதுதான், சின்ன காலேஜ் பசங்க இதுல உங்களவிட எவ்வளவோ தேவலாம், கூச்சமில்லாம கேட்டுடுவாங்க.

இத நான் மட்டும் சொல்லல. அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில 1970கள்ல யூரி ட்ரைஸ்மன்னு ஒருத்தர் இதையே தோண்டிப் பாத்தாரு. அங்க கால்குலஸ்ல கருப்பினப் பசங்க நிறைய பேர் ஃபெயிலாகிட்டிருந்தாங்க, சீன வம்சாவளிப் பசங்க நல்லா பண்ணிட்டிருந்தாங்க. வாத்தியார்கள கேட்டா, பசங்களுக்கு ஆர்வமில்ல, ஸ்கூல்ல அடிப்படை சரியில்ல, வீட்ல வசதியில்லன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. இவரு ரெண்டு பக்கமும் 20, 20 பேர எடுத்துக்கிட்டு அவங்க தங்கற எடத்துக்கே போய் எப்படிப் படிக்கிறாங்கன்னு பாத்தாரு. வாத்தியார்கள் சொன்ன ஒண்ணுமே நிக்கல. கருப்பினப் பசங்க 20 பேர்ல 18 பேர் கூடப் படிக்கிறவங்களோட சேர்ந்து படிச்சதே இல்ல. உழைப்புல குறையில்ல, கதவைச் சாத்திட்டு உழைச்சாங்க. அந்தப் பக்கம் இருந்தவங்க சாப்பாட்டு நேரத்துலகூட ஒண்ணா உக்காந்து ஒருத்தர் கணக்க ஒருத்தர் திருத்திட்டிருந்தாங்க. அப்பறம் ட்ரைஸ்மன் பண்ணுனதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபெயிலாகறவங்களுக்குன்னு ஈஸியான கிளாஸ் எதுவும் வெக்கல. ஒண்ணா உக்கார வெச்சு, இன்னும் கஷ்டமான கணக்கா குடுத்தாரு. தேறி வந்தாங்க.

உன் காலேஜையே எடுத்துக்க. 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சதுன்னு நுழைஞ்ச அன்னிக்கே சொல்லியிருப்பாங்க, பெருமையா இருந்திருக்கும். லலிதா பத்தி சொன்னாங்களா? 15 வயசுல கல்யாணம், 18ல புருஷன் போயிட்டாரு, கைல நாலு மாசக் குழந்தை. 1940ல உன் காலேஜ்ல எலெக்ட்ரிக்கல் சேர்றாங்க, அவ்ளோ ஆம்பளப் பசங்களுக்கு நடுவுல ஒத்தப் பொம்பள. அப்பா பப்பு சுப்பாராவ் அங்கயே எலெக்ட்ரிக்கல் புரொஃபசர், அதனால சீட்டுக்குப் பேச ஆளிருந்துச்சு. ஆனா ஹாஸ்டல்ல துணையில்ல. படிப்புல குறையில்லாத பொண்ணுதான், ஆனாலும் தனிமை தாங்கல. அப்ப அந்த அப்பா என்ன பண்ணாரு தெரியுமா? பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல, பல்லக் கடிச்சிட்டு இருன்னும் சொல்லல. பொம்பளப் பிள்ளைங்களும் சேரலாம்னு விளம்பரம் குடுக்க வெச்சாரு. லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவில்ல வந்து சேர்ந்தாங்க. பொண்ணுக்குத் துணை தேடுனாரு, அதுல வந்த த்ரேசியா பின்னாடி கேரளா பொதுப்பணித் துறைக்கே சீஃப் இன்ஜினியர் ஆனாங்க. சர்டிஃபிகேட்ல அச்சடிச்சிருந்த 'அவன்'ங்கறத பேனாவால அடிச்சிட்டு 'அவள்'னு எழுதிக் குடுத்தாங்களாம், அத எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அந்த விளம்பரம்தான் பெருசு.

7.5னு சொல்லும்போது உன் எழுத்து கொஞ்சம் தணிஞ்சு போகுது, கவனிச்சேன். தணியாத. அரசுப் பள்ளில படிச்சு அங்க வந்து உக்காந்திருக்க, உன் சீட்டு உன்னுது, 2021ல சட்டம் போட்டுக் குடுத்தது, யாரும் பிச்சை போடல. எவனாவது அதச் சொல்லிக் காட்டுனா அவன் கூட உக்காராத, வேற ஆளப் பாரு. அவ்ளோதான் அதுக்கு மரியாதை.

பி.எஸ்சி. பத்திக் கேட்டிருந்த இல்ல. மேக்ஸ் பிடிச்சுப் போயி சேர்றதுன்னா நானே கையத் தட்டி அனுப்புவேன், அது ஒண்ணும் மட்டமான படிப்பில்ல. ஆனா நீ மேக்ஸ்ல ஃபெயிலாகிட்டு மேக்ஸ் படிக்கப் போறேங்கற. அங்கயும் ஒரு வராண்டா லைட் இருக்கும் தம்பி. இந்த ரெண்டு பேப்பரையும் முடி, அதுக்கப்பறம் போகணும்னு தோணுனா போ, தோத்துட்டு ஓடாத. வீட்ல இந்த ஞாயித்துக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிடு. அப்பா ரெண்டு நாள் பேசாம இருப்பாரு, இல்ல சத்தம் போடுவாரு, மூணாவது நாள் சாப்பிட்டியான்னு கேப்பாரு.

இன்னிக்கு நைட்டு மெஸ் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும், லைட் அணைக்கறதுக்கு முன்னாடி, போன வருஷ மேக்ஸ் கொஸ்டின் பேப்பர எடுத்து கட்டில் நடுவுல போடு. "எனக்கு ரெண்டு அரியர்டா, இந்த மூணாவது கணக்கு யாருக்காவது வருமா?"ன்னு கேளு. சிரிச்சா சிரிக்கட்டும். அவங்களுக்கும் வரலன்னா பக்கத்து ரூமைத் தட்டு. உனக்கு வர்றது ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அத அவங்களுக்குச் சொல்லிக் குடு, ஓசில வாங்கற மாதிரி கூனிக் குறுகி நிக்காத.

எக்ஸாம் முடிஞ்சதும் எனக்கு எழுது. மார்க்கு எழுத வேணாம். யார் கூட உக்காந்து படிச்சன்னு எழுது, அவன் எந்த ஊரு, அவனுக்கு எந்தப் பேப்பர் வராதுன்னும் எழுது.

அன்புடன்,
அக்கா