சித்தப்பாவின் சோமாலியா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலேசியாவில் இருக்கும் என் சித்தப்பா 1993இல் சோமாலியாவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தவர். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். அவர் நினைவுகளைக் கைபேசியில் பதிய எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் அந்தச் சொல். ‘அமைதிப்படை’ என்றால் யாழ்ப்பாணத்தில் 1987–90தான் ஞாபகம் வரும். அது இலங்கை–இந்திய உடன்படிக்கையின்படி வந்த இந்தியப் படை, ஐ.நா. படையல்ல. எனவே எந்தப் படை, எந்த ஊர், எந்த மாதம் என்பதைத் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

விறாந்தை வேண்டாம், திருவிழா ஒலிபெருக்கி விடாது. வெறும் சீமெந்து அறை எதிரொலிக்கும். மெத்தையும் தொங்கும் சீலைகளும் உள்ள படுக்கையறைதான் நல்லது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஆகவே வெக்கை குறைந்த விடியற்காலையில் வையுங்கள். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துவாயின் மேல், வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் விரல் தட்டுவதுகூடப் பதியும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் (WAV, சுருக்காத ஒலிக்கோப்பு) என்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் பிடிக்கும். இடமில்லாமல் பாதியில் நின்றுபோவதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து.

“அனுபவம் எப்படி?” என்று கேட்டால் பேப்பரில் வந்த செய்திதான் திரும்பி வரும். குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, கொண்டோர் கவச வண்டிக்குள் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று கேளுங்கள். பழைய படமொன்றைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. 1993 ஒக்டோபர் 3–4 இரவு, மொகடிசுவில் சிக்கிய அமெரிக்கப் படையினரை மீட்க மலேசியக் கொண்டோர்களும் பாகிஸ்தானியத் தாங்கிகளும் போயின. மலேசியச் சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். சித்தப்பா அங்கே இருந்தாரோ இல்லையோ, முதல்நாளே அதைத் தொடாதீர்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். திகதி பிசகினால் குறுக்கிடாமல் கொப்பியில் நிமிடத்தைக் குறித்து வைத்துப் பிறகு சரிபாருங்கள். ஒருநாளைக்கு ஒரு மணித்தியாலம் காணும். யார் யார் கேட்கலாம் என்பதையும் பதிவிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: ஐ.நா. அமைதிப்படைப் பதக்கம் கறுத்துவிட்டது. புளி போட்டு மினுக்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, பதக்கத்தில் எழுத்துத் தேயும், புளித்தண்ணீர் நாடாவில் கறையாகும். நாடாவின் நிறங்கள்தான் எந்த நாட்டுப் பணி என்று காட்டுபவை. பதக்கத்தின் முகம் பெரும்பாலானவற்றில் ஒன்றே. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை பக்கத்தில் வேண்டாம்.