பளியரோடு மூன்று நாள் காட்டுநடை: எதை எடுத்துப்போவது, எதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது

கேள்வி: நாங்கள் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். முப்பதை ஒட்டிய வயது. மலையில் நடந்து பழக்கமில்லை. டிசம்பரில் பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கம், அங்குள்ள பழங்குடியினரான பளியரை வைத்து 'பளியர் வேட்டைக்காரர்களுடன் மழைக்காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி' என்று மூன்று நாளுக்குப் பேசியிருக்கிறோம். இரவு காட்டிலேயே தங்கல், கண்ணி வைக்கவும் கற்றுத் தருவார்களாம். என்ன கத்தி, என்ன கூடாரம் வாங்கலாம்? உடம்பை எப்படித் தயார் செய்வது?

பதில்: கத்தி வாங்க வேண்டாம். பழனி மலைக் காப்புக்காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும் பட்டியலில் வில் அம்பு, வலை, கண்ணியோடு கத்தியும் உண்டு. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவற்றோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. கண்ணியில் எதுவும் விழாவிட்டாலும் வைக்க முயன்றதே வேட்டைதான். பிடிபட்டால் நீங்கள் ஊர் திரும்பி வக்கீல் வைத்துக்கொள்வீர்கள். கூட்டிப்போன பளியர் வாய்தாவுக்கு வாய்தா மலையிறங்கி நாள்கூலியை இழப்பார். அந்தப் பாடத்தைக் கேட்காதீர்கள். காட்டுவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

'வேட்டைக்காரர்' என்பதே விளம்பரக்காரர் ஒட்டிய பெயர். பளியரின் பிழைப்பில் தேனும் கிழங்கும்தான் பெரிய பங்கு. அவர்களிடம் கற்க வேண்டியதும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது: தண்ணீர் எங்கே இருக்கும், எந்தக் கொடியின் அடியில் கிழங்கு கிடக்கும், ஈரத்தில் எப்படித் தீ மூட்டுவது, காட்டுமாடு நிற்கும் இடத்தை எப்படி முன்கூட்டியே அறிவது.

இரவு காட்டுக்குள் தங்குவதும் சிக்கலானது. சரணாலயத்துக்குள் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். தீ மூட்டத் தடை. 2018 மார்ச்சில் பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததிலிருந்து மலையேற்ற விதிகளைக் கறாராகப் பார்க்கிறார்கள். 'ரேஞ்சரிடம் சொல்லியாச்சு' என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள். உங்கள் ஐந்து பேரின் பெயர், நாள், பாதை மூன்றும் இருக்கிற தாளை ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பி வாங்குங்கள். அனுமதியோடு செய்யக்கூடிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. பகலில் அனுமதி பெற்ற பாதையில் நடையும், இரவில் கீழ்மலையின் தனியார் காபித் தோட்டம் ஒன்றில் உரிமையாளர் சம்மதத்தோடு தங்கலும் என்று திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். தார்ப்பாய் கட்டுவது, தீ மூட்டுவது, சமைப்பது எல்லாவற்றையும் தோட்டத்திலேயே பழகலாம்.

இனி உண்மையான ஆபத்து. இந்த மலையில் புதிதாக வருகிறவர்களைப் படுக்கவைப்பது பசியும் புலியும் அல்ல, ஈரமும் குளிரும். டிசம்பர் முதல் பாதிவரை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு டிகிரிதானே என்று தோன்றும். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் அதுவே போதும். பேச்சுக் குழறுகிறது, சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை, சமதரையில் கால் இடறுகிறது என்றால் உடல்வெப்பம் இறங்குகிறது என்று பொருள். நடுங்கிக்கொண்டிருந்தவர் வெப்பம் ஏறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை முற்றிவிட்டது. உடனே ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, இரு பக்கமும் ஆள் ஒட்டி உட்காருங்கள். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாகச் சூடான பானம் கொடுக்கலாம். பிராந்தி கொடுத்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து இருக்கிற சூடும் வெளியேறும்.

ஆகவே உடுப்பு இரண்டே செட் போதும். ஒன்று நடக்க, அது நனையும், நனையட்டும். மற்றொன்று தூங்க, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்த அந்தச் செட்டைப் பகலில் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். காலையில் குளிரக் குளிர ஈரச் சட்டையையே மறுபடி மாட்ட வேண்டும். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்: இரண்டாம் நாள் காலை சோம்பல்பட்டு உலர்ந்த செட்டோடு கிளம்புவார்கள், பத்து மணி மழையில் அதுவும் போய்விடும், இரவுக்கு எதுவும் மிஞ்சாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுநாளும் காயாது. விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியனும் கால்சட்டையும், மேலே ஒரு கம்பளி ஸ்வெட்டரும் சரியாக இருக்கும். மழைக்கோட்டு முட்செடியில் கிழியும். தோட்டத் தொழிலாளர் போடுகிற கொங்காணியை (தலையோடு முதுகையும் மூடும் மழைப்போர்வை) அங்கேயே கேட்டு வாங்குங்கள். முதுகுப்பையையும் சேர்த்து மூடும், விலையும் குறைவு.

கூடாரத்துக்குப் பதிலாக 12க்கு 10 அடித் தார்ப்பாய், 15 மீட்டர் நைலான் கயிறு. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றை இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டிப் பாயை அதன் மேல் போட்டு, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்துங்கள். கீழே விரிக்கும் விரிப்பு மேல்பாயைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே ஓர் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தாலும் மழைநீரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் காற்றில் கிளை முறிக்கும் மரம், அதன் அடியில் கட்டாதீர்கள்.

ஈரத்தில் தீ மூட்டுவதைப் பளியர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தரையில் கிடக்கும் விறகு எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும் ஊறித்தான் இருக்கும். நின்றபடியே பட்டுப்போன, மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை எடுத்து நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, காய்ந்து இருக்கும். அதைச் சீவிச் சீவி இரண்டு கைப்பிடிச் சுருள் சேர்த்த பிறகுதான் தீக்குச்சியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கால் கைப்பிடியோடு தொடங்கினால் தீப்பெட்டி காலியாகும். வெட்டும் வேலை அவருடைய அரிவாளுக்கு. உங்களுக்கு ஒரு மெழுகுவத்தித் துண்டும் உறையிலிட்ட இரண்டு தீப்பெட்டியும் போதும்.

கிழங்கு தோண்டுவதும் அப்படித்தான், வேடிக்கை பார்க்கவே நிறைய இருக்கிறது. வள்ளிக்கிழங்கு இனத்தில் சில கொடிகள் வலமாகவும் சில இடமாகவும் சுற்றி ஏறும். இலையின் பிரிவு, தண்டில் முள், சுற்றும் பக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே இனம் பிரிக்க வேண்டும். தலைப்பகுதியைக் கொடியோடு குழியிலேயே விட்டு மண் மூடிவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். சில இனங்களைத் துண்டு போட்டு ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்த நீரையும் கொட்டினால்தான் சாப்பிட முடியும். இல்லாவிட்டால் தொண்டை அரிப்பில் தொடங்கி வாந்தியில் முடியும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்த சேகரிப்பு உரிமை காட்டில் வாழ்கிறவர்களுக்கானது. நீங்கள் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவர அதில் இடமில்லை. காளானைத் தொடவே வேண்டாம். கொடைக்கானல் என்றதும் சிலர் கண்ணைச் சிமிட்டிக் கேட்கும் போதைக் காளானையும் சேர்த்துத்தான்.

எனவே உங்கள் உணவை நீங்களே கொண்டுபோங்கள். பகலுக்கு அடுப்பு தேவைப்படாதவை: ஆளுக்கு நான்கு நாள் கணக்கில் (ஒரு நாள் கூடுதல்) அவல் 600 கிராம், வறுத்த வேர்க்கடலை 400, கருப்பட்டி 300, பேரீச்சை 250. இரவுச் சமையலுக்கு வேளைக்கு 150 கிராம் அரிசியும் கொஞ்சம் பருப்பும். வழிகாட்டிகளுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தண்ணீர் விஷயத்தில் ஊர்ப்பக்கம் தெரியாத ஒன்று: மலையில் ஓடை தெளிவாக ஓடினாலும் மேலே உருளைக்கிழங்கு, கேரட், பூண்டுத் தோட்டம் இருந்தால் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. சோலைக்காட்டுக்குள்ளிருந்து நேராக இறங்கும் நீரை வழிகாட்டியிடம் கேட்டுப் பிடியுங்கள். அதையும் கொதிக்கவைத்தே குடியுங்கள்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலுள்ள மேல்மலைப் பக்கம் போனால் மூன்று நிமிடம்.

அட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தயாராக இருக்க வேண்டும். காடாத்துணியில் முழங்கால்வரை உறை தைத்துச் சாக்ஸின் மேல் மாட்டி, மேலே நாடாவால் கட்டி, அதன் மேல் ஷூ. உறையின் வெளிப்புறம் ஈரமாக்கிய உப்பைத் தேயுங்கள். மழை கழுவிவிடும் என்பதால் மணிக்கொருமுறை மறுபடி. கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், கடிவாயில் உப்புக் கொட்டாதீர்கள். குடித்ததைக் காயத்திலேயே கக்கும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினாலே விட்டுவிடும். ரத்தம் சீக்கிரம் உறையாது. துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். ஷூவைப் பொறுத்தவரை தோல் வேண்டாம், தண்ணீர் வெளியேறும் கேன்வாஸும் பிடிப்புள்ள ரப்பர் அடியும் போதும். இரவில் பாதத்தைத் துடைத்துக் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், மூன்றாம் நாள் நடப்பீர்கள்.

வழிகாட்டிகள் இரண்டு பேர் வேண்டும், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கூலி, நேரம், பாதை மூன்றையும் ஏற்பாட்டாளர் வழியாக மட்டும் பேசாமல் அவர்கள் முன்னிலையிலும் பேசுங்கள். எவ்வளவு கைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். வயதுக்கு ஏற்ப அண்ணன், ஐயா என்று கூப்பிடுங்கள். 'நீ வா, போ' வேண்டாம். அவர் கையை உயர்த்தினால் நின்ற இடத்தில் நில்லுங்கள், பேச்சு கிடையாது. ஏன் என்று பிறகு கேட்கலாம். பெரும்பாலும் காட்டுமாட்டின் மூச்சோ யானை ஒடிக்கும் மூங்கிலோ அவர் காதில் விழுந்திருக்கும். 'இன்று போக வேண்டாம்' என்று அவர் சொன்னால் பணம் கொடுத்ததை ஞாபகப்படுத்தாதீர்கள். வாசனைத் தைலம், சென்ட் வேண்டாம். மலைத்தேனீ கிளம்பினால் தட்டிவிட்டுக்கொண்டு நிற்காமல் ஓட வேண்டும்.

கைக்கெட்டும் கொப்பைப் பிடித்து ஏறும் பழக்கத்தையும் விடுங்கள். பச்சைக் குழிவிரியன் ஓடையோரக் கொப்பிலும் பாறையிலும் அசையாமல் கிடக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கானது. குழிவிரியன் அதில் சேராது. கடித்தால் கட்டு இறுக்காமல், கீறாமல், கையை அசையாமல் வைத்து, ஆளை மலையிலிருந்து இறக்குங்கள். 108க்கு அழைக்க எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பனிமூட்டத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று மூன்றாக விசில் ஊதுங்கள். 'ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும்' என்ற அறிவுரை இந்த மலையில் ஆளைக் கொல்லும். தெற்கு விளிம்பில் ஓடைகள் செங்குத்தாக விழுகின்றன; எலிவால் அருவி என்கிற தலையாறு அருவியே ஏறத்தாழ 975 அடி.

உடம்புக்கு ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் நான்கு நாள் திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிகள். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு, பிறகு 4 கிலோ, கடைசியில் 8 கிலோ பையோடு. ஏறுவதைவிட மெதுவாக இறங்கிப் பழகுங்கள், முட்டி பழுதாவது இறக்கத்தில்தான். கிளம்பும்போது பை 9 கிலோவைத் தாண்டக் கூடாது.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்தாதீர்கள். புதரில் இருக்கும் உண்ணிப்பூச்சியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வலிக்காது என்பதால் கண்ணில் படாமல் போகும். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'காட்டுக்குப் போய் வந்தேன்' என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்கிளின் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் சில நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.