பன்ச் ஃபார்மர், கோலட், வி-பிளாக்: பாடாங் செராய் பட்டறைகளின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்துச் சின்ன டை பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகள். பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் பாகம் பன்ச், அது இறங்கும் துளையுள்ள பாகம் டை. பன்ச்சின் வெட்டும் பகுதி முனை, பிடிக்கும் பகுதி தண்டு. எல்லாமே சர்ஃபேஸ் கிரைண்டரின் (சுழலும் கல்லால் பரப்பை அரைக்கும் எந்திரம்) மேக்னட் மேல் வைத்து, பன்ச்சைப் பிடித்துச் சுழற்றும் கருவியைப் பற்றியவை. அளவுகள் மி.மீ. கணக்கில்.

கேள்வி (லூனாஸ்): அண்ணே, புதுசா கடை போட்டிருக்கேன். சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்னு இருக்கு. வட்ட பன்ச், ரெண்டு முனையும் வளைஞ்ச நீள ஸ்லாட் பன்ச் ரெண்டும் ஆர்டர் வருது. கோலட் இண்டெக்சர் மலிவா கிடைக்குது. அது போதுமா, பன்ச் ஃபார்மர்தான் வேணுமா?

பதில்: வட்டம், சதுரம், அறுகோணம் மட்டும் என்றால் 5சி கோலட் இண்டெக்சர் போதும் தம்பி. கோலட் என்பது தண்டைச் சுற்றி இறுக்கும் பிளவு வளையம், 5சி அதன் ஒரு அளவு வகை. ஒரு டிகிரி கணக்கில் திருப்பலாம். 5சி கோலட்டில் வட்டக் கம்பி ஏறக்குறைய 28.5 வரைதான் போகும். கோலட் தனக்குச் சொன்ன அளவுக்கு மட்டுமே சரியாகப் பிடிக்கும். தண்டு 0.2 குறைந்தாலே வாயோரத்தில் மட்டும் பிடித்து, பின்பக்கம் ஆடும்.

ஸ்லாட் பன்ச்சுக்கு அது போதாது. ஸ்லாட்டின் முனை வளைவுக்கு மையம் தண்டின் மையத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. அந்த மையத்தைச் சுழலும் அச்சுக்குக் கொண்டுவர ஒரு சறுக்கு வேண்டும். பன்ச் ஃபார்மரில் வி-பிளாக் (தண்டு கிடக்கும் வி வடிவப் பள்ளம்) ஏறி நிற்பது அந்தச் சறுக்கின் மேல்தான். பட்டை ஓட்டி, பன்ச்சையே வி-பிளாக்குக்குள் உருளவிடும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. வட்ட பன்ச் கணக்கில்லாமல் செய்கிறவர்களுக்கு அது வேகம். உங்களுக்கு ஃபார்மர் வாங்குங்கள்.

பழையது வாங்கினால், ஸ்பிண்டிலில் (கருவியின் சுழலும் அச்சுத்தண்டு) ஒரு கம்பியை மாட்டிக் கையால் மேலும் கீழும் அசைத்து டயலை (நுண் அசைவைக் காட்டும் முள் அளவி) பாருங்கள். முள் 5 மைக்ரோனுக்கு மேல் ஆடினால் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

கேள்வி (கூலிம், எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் மாணவர்): சார், ஃபார்மரில் மையம் எடுப்பது எப்படி? ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

பதில்: வரிசை முக்கியம். முதலில் மேக்னட் முகத்தையும் கருவியின் அடிப்பாகத்தையும் எண்ணெய்க்கல்லால் மெதுவாக உரசி, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் தடவுங்கள். துணிக்குத் தெரியாத பொடி கைக்குத் தெரியும்.

அடுத்தது அச்சின் திசை. கிரைண்ட் செய்த நேர்க்கம்பி ஒன்றை மாட்டி, 50 மி.மீ. நீளத்துக்கு டயலை மேலேயும் பக்கவாட்டிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் 2 மைக்ரோனுக்குள் வர வேண்டும். பக்கவாட்டில் தவறினால் கருவியைத் தட்டித் திருப்பலாம். மேலே தவறினால் தட்டிப் பயனில்லை. அடியில் தூசி இருக்கிறது, இல்லையென்றால் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறது.

பிறகு மையம். சரியாக 10.000 உள்ள சோதனைக் கம்பியை வி-யில் பிடித்து, டயலை அதன் உச்சியில் வைத்துச் சுழற்றுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் மைய விலகல். டயல் 0.04 காட்டினால் சறுக்கை நகர்த்த வேண்டியது 0.02. முழு 0.04-ஐ நகர்த்திவிட்டு "எதிர்ப்பக்கம் போயிடுச்சு" என்று தவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்றைக் கவனியுங்கள். சறுக்கு ஓடும் திசையில் வரும் விலகலை மட்டுமே சறுக்கால் சரிசெய்ய முடியும். அதற்குக் குறுக்கே விலகல் காட்டினால் வி-யின் ஒரு சரிவில் பொடி இருக்கிறது, அல்லது ஒரு சரிவு மட்டும் தேய்ந்திருக்கிறது.

மையம் வந்ததும் மேக்னட் முகத்திலிருந்து கம்பியின் உச்சி உயரத்தை கேஜ் பிளாக்கோடு (துல்லிய அளவுக் கட்டை) ஒப்பிட்டு எடுங்கள். அதில் 5.000 கழித்தால் அச்சின் உயரம். அதைக் கருவியின் உடம்பிலேயே எழுதி வையுங்கள். இனி எல்லா அளவும் அந்த எண்ணோடு கூட்டல்தான்.

தண்டு மாறினால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டாம். 90 டிகிரி வி-யில், விட்டம் மாறும் அளவை 0.7071-ஆல் பெருக்கினால் மையம் எவ்வளவு நகர்கிறது என்று வந்துவிடும். 10-லிருந்து 13-க்கு மாறினால் 3 × 0.7071 = 2.121. அந்த அளவுக்கு கேஜ் பிளாக் வைத்துச் சறுக்கை இறக்கி, டயலில் ஒருமுறை உறுதி செய்தால் போதும்.

கேள்வி (பாடாங் செராய்): அண்ணே, வட்ட பன்ச் மைக்ரோமீட்டர்ல எந்தப் பக்கம் பிடிச்சாலும் 5.98 சரியா காட்டுது. டையில போட்டா ஒரு பக்கம் மட்டும் பர் (வெட்டின ஓரத்துப் பிசிறு) வருது. டை தப்பா?

பதில்: டையை இப்போதைக்கு விடுங்கள். மைக்ரோமீட்டர் விட்டத்தை மட்டும்தான் சொல்லும். முனையும் தண்டும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. தண்டை வி-பிளாக்கில் கிடத்தி, முனையில் டயல் வைத்துச் சுழற்றுங்கள். 0.02 ஆடினால் மையம் 0.01 விலகியிருக்கிறது. 1 மி.மீ. மென் எஃகுத் தகட்டில் ஒரு பக்க இடைவெளி 0.06 வைத்திருந்தால், அது ஒரு புறம் 0.05, மறுபுறம் 0.07 ஆகிறது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். 0.3 பித்தளைத் தகட்டில் 0.015 வைக்கும் இடத்தில் அதே 0.01 போனால் பன்ச் ஏறக்குறைய டையை உரசும்.

உருளும் வகைக் கருவியில் செய்த பன்ச் என்றால் தண்டின் வட்டத்தையும் சந்தேகப்படுங்கள். சென்டர்லெஸ் கிரைண்டரில் (மையத்தில் பிடிக்காமல் கம்பியை உருட்டி அரைக்கும் எந்திரம்) வந்த கம்பி சில நேரம் மூன்று மேடு உள்ள வட்டமாக இருக்கும். மைக்ரோமீட்டரில் எந்தத் திசையிலும் ஒரே அளவு காட்டும். வி-பிளாக்கில் சுழற்றினால்தான் டயல் முள் மூன்று முறை ஏறி இறங்கும். அந்த மேடு அப்படியே முனைக்கும் போய்விடும். ஃபார்மரில் வி-யே சேர்ந்து சுழல்வதால் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி (சுங்கை பட்டாணி): 12 × 6 ஸ்லாட் பன்ச். தட்டை நல்லா வருது, முனை வளைவும் நல்லா வருது. ரெண்டும் சேர்ற இடத்துல மட்டும் படி நிக்குது. எண்ணெய்க்கல்லால தேய்ச்சே சரி பண்ணிட்டு இருக்கேன்ணே.

பதில்: தேய்ப்பதை நிறுத்துங்கள். படியை மறைக்கிறீர்கள், அளவு போகிறது. காரணம் பெரும்பாலும் கல்லின் மையம் அச்சுக்கு நேர் மேலே இல்லாததுதான்.

கணக்கைப் பாருங்கள். முனை வளைவு ஆரம் 3. கல்லின் ஆரம் 90. தட்டையை அரைக்கும்போது மேசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது, ஆகவே கல்லின் மிகத் தாழ்ந்த புள்ளி எல்லா இடத்தையும் தொட்டுவிடும். வளைவுக்கு மேசையைப் பூட்டி, ஸ்பிண்டிலைச் சுழற்றுகிறீர்கள். மேசை 2 மி.மீ. தள்ளி நின்றால் கல் அச்சை விட்டு அவ்வளவு விலகி நிற்கிறது. வளைவு 3.000-க்குப் பதில் 3.022 ஆகிறது. அந்த 0.022-தான் உங்கள் படி. தள்ளல் 0.5-க்குள் இருந்தால் பிழை ஒரு மைக்ரோன் சொச்சம்தான், விரலுக்குத் தெரியாது.

நேர் மேலே நிறுத்த வழி: கல்லை ஓட்டாமல், ஸ்பிண்டிலில் மாட்டிய கம்பியின் உச்சியை விடக் கொஞ்சம் தாழ்வாகக் கல்லை இறக்குங்கள். மெல்லிய தாளை இடையில் பிடித்து, மேசையை இடமிருந்து கொண்டுவந்து தாள் பிடிபடும் இடத்தைக் கைச்சக்கரத்தில் குறியுங்கள். கல்லின் உயரத்தை மாற்றாமல் வலமிருந்தும் அப்படியே. இரண்டு எண்ணுக்கும் நடுவில் மேசையைப் பூட்டுங்கள்.

இனி ஸ்லாட் வேலை. முனை வளைவின் மையம் தண்டின் மையத்திலிருந்து (12 − 6) ÷ 2 = 3 மி.மீ. தள்ளி இருக்கிறது. சறுக்கை 3.000 நகர்த்துங்கள். தட்டை மேல்நோக்கி இருக்கும்போது சறுக்கு கிடைமட்டமாக நிற்க வேண்டும். அப்படியிருந்தால் நகர்த்தலால் தட்டையின் உயரம் மாறாது. கல்லின் அடி அச்சிலிருந்து 3.000 உயரத்தில் இருக்க, தட்டையை அரைத்து, மேசையை நடுவில் பூட்டி, முனைப்பக்கமாக 180 டிகிரி சுழற்றுங்கள். இரண்டு முனையிலும் நிறுத்து ஊசி கட்டாயம். ஒரு டிகிரி தாண்டினாலும் தட்டை கல்லுக்குள் ஏறும். அந்தப் பள்ளத்தை எதுவும் சரிசெய்யாது.

சறுக்கு இரண்டு பக்கமும் போகும் கருவி என்றால் மறுமுனைக்கு எதிர்த்திசையில் 3.000. ஒரு பக்கம் மட்டும் போனால் பன்ச்சைக் கழற்றித் திருப்பி வைக்க வேண்டும். அப்போது ஏற்கெனவே அரைத்த தட்டையை டயலால் கிடைமட்டமாக்கிய பிறகே இறுக்குங்கள். தண்டுக்கு 13 அல்லது 16 கம்பி எடுங்கள். 12-ஐ எடுத்தால் அரைக்க மிச்சம் இருக்காது.

கேள்வி (கூலிம்): ஃபார்மரைக் கோணத்தில் நிறுத்தும் 24 பள்ளம் உள்ள தட்டில் என்னென்ன கோணம் போகும்?

பதில்: 15 டிகிரியின் மடங்குகள் எல்லாம். சதுரத்துக்கு ஆறு பள்ளம், அறுகோணத்துக்கு நான்கு. 10 மி.மீ. கம்பியில் அதிகபட்சம் 7.07 சதுரம் வரும், அறுகோணம் என்றால் பக்கத்துக்குப் பக்கம் 8.66. மற்ற கோணங்களுக்கு சைன் ரோலர் (அடியில் கேஜ் பிளாக் வைத்து, உயர வித்தியாசத்தால் கோணம் வைக்கும் உருளைகள்). நடுவுக்கு நடு 100 என்றால் 30 டிகிரிக்கு 50.000, 15-க்கு 25.882. 45-க்கு மேல் சைனை நம்ப வேண்டாம், கேஜ் பிளாக்கின் சின்னப் பிழையும் கோணத்தில் பெரிதாகிவிடும். பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பி, மிச்சத்தை மட்டும் சைனில் வையுங்கள்.

கேள்வி (லூனாஸ், தரக்கட்டுப்பாடு பார்ப்பவர்): அண்ணே, எங்க கடையில எஸ்.கே.டி.11 (ஒரு வகை டை எஃகு) பன்ச் அரைச்சு முடிச்சதும் நல்லா இருக்கு. பிரஸ்ஸில ஓட ஆரம்பிச்சதும் மேல்பரப்புல மயிரிழை வெடிப்பு வருது. எஃகு சரியில்லையா?

பதில்: எஃகைக் குறை சொல்வதற்கு முன் வெடிப்பின் திசையைப் பாருங்கள் தங்கச்சி. அரைத்த கோட்டுக்குக் குறுக்கே இருந்தால் அது அரைக்கும் சூட்டில் வந்தது. 60 எச்.ஆர்.சி. (கடினத்தின் அளவு) எஃகில் கடினமான கல் வைத்தால், கல்லின் மழுங்கிய மணி (அரைக்கும் துகள்) உதிராமல் தேய்த்துச் சூடேற்றும். கடினமான எஃகுக்கு மென்மையான கல்தான் வேண்டும். வெள்ளை அலுமினியம் ஆக்சைடில் 46 அல்லது 60 மணி, பிணைப்பு (கல்லின் கடினத் தரம்) எச்-இலிருந்து ஜே வரை. ஒரு இறக்கத்துக்கு 0.005 முதல் 0.01, கடைசியில் 0.002. வைர ஊசியால் அடிக்கடி கல்லைத் திருத்துங்கள். நீலம் ஏறிய பிறகு மேலாக ஒருமுறை அரைத்தால் நிறம் போகும், அடியில் மெத்தென்றான அடுக்கு போகாது. டெம்பரிங் (கடினமாக்கிய பின் மிதமாகச் சூடேற்றும் பதம்) குறைவாகச் செய்து வந்த பன்ச் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். இதை வெப்பப் பதம் செய்யும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபார்மரில் கூலண்ட் ஊற்றத் தயங்குகிறார்கள், ஸ்பிண்டிலுக்குள் போய்விடும் என்று. தயக்கம் நியாயம்தான். அதற்காகத் தடித்த இறக்கம் கொடுக்காதீர்கள். காய்ந்தே அரைத்தால் இறக்கத்தைப் பாதியாக்கி, இடையில் ஆறவிடுங்கள்.

கேள்வி (பாடாங் செராய்): 2 மி.மீ. முனை பன்ச். அரைக்கும்போதே வளையுது, வளையாம தப்பிச்சு வர்றதும் பிரஸ்ஸில முறியுது.

பதில்: வெளியே நீட்டியிருக்கும் நீளத்தைப் பாருங்கள். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. முனையை வேண்டிய அளவுக்கு மேல் நீளமாக்காதீர்கள். அளவு வந்த பிறகு இறக்காமல், பொறி நிற்கும் வரை சும்மா ஓடவிடுங்கள்.

முறிவதற்குக் காரணம் வேறு. ஸ்பிண்டிலைக் கல்லின் அச்சுக்கு இணையாக வைத்தால் அரைத்த கோடுகள் பன்ச்சைச் சுற்றி விழும். ஒவ்வொரு கோடும் முறிவுக்கு ஒரு தொடக்கம். தகடு ஒட்டிப் பிடிப்பதற்கும் அதே கோடுகள்தான் காரணம். நுண் எண்ணெய்க்கல்லால் நீளவாக்கில், பன்ச் ஏறி இறங்கும் திசையில் தேய்த்து முடியுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தில் கூர்மூலை வேண்டாம், கல்லின் ஓரத்தை வட்டமாகத் திருத்தி ஒரு வளைவு விடுங்கள்.

கேள்வி (செர்டாங் சாலைப் பட்டறை): மழைக்காலத்துல கருவி ரெண்டே நாள்ல செம்புள்ளி விழுது. வேற என்ன பராமரிப்பு?

பதில்: வேலை முடிந்ததும் மேக்னட்டிலேயே விட்டுப் போவதுதான் பெரிய தப்பு. ஈரம் அடியில் தங்கும். கழற்றி, மண்ணெண்ணெயால் வி-யைக் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, மூடிய பெட்டியில் வையுங்கள். மேக்னட்டில் கிடந்த கருவிக்குள் காந்தம் மிச்சமிருக்கும். அது இரும்புப் பொடியை வி-க்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். டிமேக்னடைசர் மேல் கருவியையும் ஓட்டுங்கள், பன்ச்சையும் ஓட்டுங்கள். காந்தமேறிய பன்ச் வெட்டிய வில்லையைத் தன்னோடு மேலே தூக்கி வரும், அடுத்த அடியில் டை உடையும்.

கேள்வி (சுங்கை பட்டாணி): கார்பைட் (எஃகை விடக் கடினமான கலவை) பன்ச்சும் இதே கருவியில் போகுமா?

பதில்: பிடிப்பு அதேதான். கல் மட்டும் வைரக் கல். வெள்ளைக் கல்லால் கார்பைட்டை அரைத்தால் கல்தான் கரையும். பொடியில் கோபால்ட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. ஈரமாக அரையுங்கள், தூசி உறிஞ்சும் கருவி வையுங்கள், முகமூடி போடுங்கள். புதுக் கல் எதையும் மாட்டும் முன் கட்டைப் பிடியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் விட்ரிஃபைட் (பீங்கான் போன்ற பிணைப்புள்ள) கற்களுக்கு. மணிபோல் ஒலித்தால் மாட்டலாம், மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்பு. உலோக, ரெசின் பிணைப்புள்ள வைரக் கல் அப்படி ஒலிக்காது, அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.