வாழ்ந்து போதீரே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறேன். முன்பெல்லாம் கண்ணை மூடினால் அம்மன் முகம் தெரியும். இப்போது அடுப்பை அணைத்தேனா, அவருக்கு மாத்திரை கொடுத்தேனா என்பதுதான் தோன்றுகிறது. சில நாள் அவள்மேல் கோபமும் வருகிறது. பிறகு பயந்து மன்னிப்புக் கேட்கிறேன். கோயிலில் பழக்கமான ஓர் அம்மா, “முழு மனத்தோடு கும்பிட்டிருந்தால் இப்படியெல்லாம் வந்திருக்காது” என்றார். துன்பத்தின் நடுவில் முழு மனத்தோடு வழிபடுவது எப்படி? தைப்பூசத்துக்கு 48 நாள் விரதமிருந்து பால்குடம் எடுக்கட்டுமா? ஏழரைச் சனி என்கிறார்கள், அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி, ஈசூன்
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் தேவாரம் பாடிய சுந்தரரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு விரைவில் பதில் எழுதியிருக்க மாட்டேன். ஏழரைச் சனிக்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

முதலில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான்கு பக்கக் கடிதத்தில் ஏழு இடங்களில் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அம்மையாரிடம் மட்டும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் தலைகுனிந்து வந்திருக்கிறீர்கள். பதினான்கு மாதங்களாக ஓர் ஆளைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் பக்தி போதவில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கிறிஸ்தவர்களின் வேதாகமத்தில் யோபுவின் கதை உண்டு. எல்லாம் இழந்து புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்று கடவுளுக்காக வாதாடினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான், தம்மோடு வழக்காடிய யோபுவை அல்ல.

இனி சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று சபதம் செய்தவர் அவர். திருவாரூர் நினைவு வந்ததும் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் போயின. வழியில் திருவெண்பாக்கத்தில் சிவனிடம், பிழையைப் பொறுப்பீர் என்று நம்பியல்லவா பிழை செய்தேன், கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். “உளோம் போகீர்” என்று பதில் வந்தது. கண் வரவில்லை, ஓர் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஒற்றைக் கண்ணோடு ஆரூர் வந்து நின்றவர் பாடியது இது:

“விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்”

நீங்கள் என்னை விற்கலாம், ஆனால் நான் அடகுப் பொருள் அல்லேன், விரும்பி வந்த ஆள் என்கிறார். அது உண்மை. குற்றம் ஒன்றும் செய்யவில்லை, நீர்தாம் என்னைக் குருடாக்கினீர் என்கிறார். அது உண்மையா? சபதத்தை மீறியவர் அவர்தாம். அது அவருக்கும் தெரியும், ஆரூர்ப் பெருமானுக்கும் தெரியும், பாட்டைக் கேட்ட அடியார்களுக்கும் தெரியும். வலி தாங்காதவன் தன் பக்கத்து நியாயத்தை மட்டும் பேசுவான். வீட்டில் நாமும் அப்படித்தான் பேசுகிறோம். அதோடும் நிற்கவில்லை. மற்றைக் கண்ணைத் தராவிட்டால் “வாழ்ந்து போதீரே”, நீராவது நன்றாக வாழ்ந்து போம் என்று முடிக்கிறார். நம் வீடுகளில் அண்ணன் தம்பி சண்டையில் வாசலைத் தாண்டும்போது சொல்லும் வார்த்தை அது. அந்த வசையை நம் முன்னோர் மறைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்தார்கள், சன்னிதியில் நின்று ஓதுகிறோம். வலக்கண்ணும் வந்தது. பணிந்து கேட்டால் கோல், ஏசினால் கண் என்று இதை ஒரு சூத்திரமாக்கிவிடாதீர்கள்; காஞ்சியில் அவர் போற்றித்தான் பாடினார்.

இந்தப் பதிகத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது என் அம்மா. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. ஒரு நாளைக்கு அவர் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு அளவு உண்டு. தோ பாயோ வீட்டில், சமையலறை மேடையில், கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை இருக்கும். காப்பி, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதில் அளந்துதான் அப்பாவுக்குப் போகும். கோயிலிலிருந்து அம்மா கொண்டுவரும் தீர்த்தம் ஒரு உத்தரணிதான் இருக்கும், அதையும் அம்மா கணக்கில் சேர்ப்பார். ஜூன் மாதப் புழுக்கத்தில் ஒருநாள், இன்னும் ஒரு வாய் என்று அப்பா கையை நீட்ட, அம்மா குவளையைப் பின்னால் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் நீங்கள் போகும் அதே கோயிலில், அர்ச்சனைச் சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டு, அம்மா சத்தமாகவே சொன்னார்: “ஏண்டி, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அந்த மனுஷன் ஒரு வாய் தண்ணிக்கு என்கிட்டக் கெஞ்சுறதைப் பாத்துக்கிட்டுதானே நிக்கிற?”

எனக்குப் பதினாறு வயது. அவமானத்தால் தூண் ஓரமாக ஒதுங்கி, யாரோபோல் நின்றேன். அர்ச்சகர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மன் பாதத்திலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து அம்மா கையில் வைத்துவிட்டு, பின்னால் நின்றவரின் நட்சத்திரத்தைக் கேட்கப் போய்விட்டார். அம்மா அந்தப் பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழக்கம்போல் மூன்று சுற்றுச் சுற்றி, பேருந்தில் வீடு வரும் வரை பேசவில்லை. அடுத்த வெள்ளியும் போனார். அப்பா இறந்த பிறகும் போனார். ஒதுங்கி நின்றதற்காக நான் அவரிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

முழு மனம் என்றால் அலையில்லாத மனம் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்று அம்மாவின் மனத்தில் எது மிச்சமிருந்தது, கொண்டுபோய்க் கொட்டாமல்? அடுப்பும் மாத்திரையும் கோபமும் உங்கள் மனம் இல்லாமல் வேறு யாருடைய மனம்? அவற்றைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு துண்டை மட்டும் உள்ளே கொண்டுபோய்க் காட்டுவதற்குத்தான் இவ்வளவு பாடுபடுகிறீர்கள். அந்தத் துண்டு கூப்பிடுவது அம்மனுக்குக் கேட்கவில்லை என்று வேறு வருத்தப்படுகிறீர்கள். அம்மன் முகம் ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். இரவில் மூன்று முறை எழுந்திருப்பவருக்குக் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும், முகம் வராது.

பால்குடம் பற்றி. 48 நாள் விரதம் இப்போது வேண்டாம். கணவரைத் தூக்கி உட்காரவைக்க உங்கள் உடம்பில் பலம் வேண்டும், வேளைக்குச் சாப்பிடுங்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் முருகன் ஏற்பார் என்பதும் இல்லை. கொரோனா காலத்தில், 2021இல், ஊர்வலமே கிடையாது. நேரே தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்ப் பால்குடம் செலுத்தினார்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால் எடுங்கள். அதற்கு முன், அந்த அரை நாள் உங்கள் கணவரோடு யார் இருப்பார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அவருடைய தம்பி உட்லண்ட்ஸில் இருப்பதாகக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா?